தங்கச்சியின் பாலில் குற்றமாம்!

மூன்று கிழமைக்கு முதல் தன்னாமுனையில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எனக்குக் கொதி ஏறிவிட்டது.

அவளின் மகளுக்கு இரண்டு மாதம். பத்து நாளாக மலத்தில் சளியும், நூல் நூலாய் இரத்தமும். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. நன்றாகக் குடிக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் வீடு நிறையச் சனம் – எட்டிப் பார்க்கவும் தீர்ப்புச் சொல்லவும்!

"உன்ட பால் கெட்டுப்போச்சுகா. நிப்பாட்டிப்போட்டு டின்பாலக் குடு" – இது பக்கத்து வீட்டுக்காரி.

"ஓம் புள்ள, நானும் அதத்தான் சொல்றன்" – இது மாமியார்.

தங்கச்சி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைக்கு நஞ்சு கொடுத்துப் பிடிபட்டவளா அவள்? என்ன அநியாயம்! "எழும்படி, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வழியில் ஆமியின் சென்றிக் காவலரணில் எங்களை இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்கள். டாக்டருக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த அழுக்குத் துணியும் விழுந்தது. இரத்தத்தைப் பார்த்த ஆமிக்காரன் போகும்படி கையைக் காட்டிவிட்டான். நல்லவேளை, அவனாவது வைத்தியம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். துணியைப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுகா தங்கச்சியிடம் கேட்டார்: "நீங்க என்ன குடிக்கிறீங்க?"

பத்து நாளில் ஒரு சனமும் கேட்காத கேள்வி!

பால் ஊற வேணுமென்று ஒரு நாளைக்கு மூன்று தரம் தடிப்பான பால்தேத்தண்ணி என்றாள் தங்கச்சி. ஆமி பாதையைப் பூட்டினால் பால்மாவைக் கண்ணாலும் காணக் கிடைக்காத காலம் இது. மாமியார் உட்பட எல்லாரும் வெறும் தேத்தண்ணி குடித்து, இருந்த பால்மா முழுவதையும் பிள்ளை பெற்றவளுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அன்புதான்... யார் இல்லையென்றது?

"அதுதான் விஷயம்" என்றார் டாக்டர். பசுப்பாலில் உள்ள புரதம் தாய்ப்பால் வழியே போய், சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல், பெருங்குடல் அழன்று இரத்தம் கசியுமாம். இது இலேசான வகை. "நீங்க பால்மாவ விடுங்க. தாய்ப்பால விடாதீங்க. டின்பாலும் பசுப்பால்தானே! இதுல இன்னொரு வகை இருக்கு. டின்பால நேராக் குடிச்சு ரெண்டு மணித்தியாலத்தில சத்தி மேல சத்தியா வாந்தி எடுத்து, பிள்ளை வெளிறித் துவண்டுபோகும். அந்த நேரம் பாதை பூட்டிக் கிடந்தா எப்படிக் கொண்டுவருவீங்க?"



நேற்று மறுபடி போனேன். இரத்தம் நின்று நாலு நாளாம். பிள்ளை தாயிடம் சொகுசாகக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ கோபம் ஆறவில்லை. ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒரு தாயை இப்படியா அழவைப்பது? மாமியாருக்கும் கேட்கட்டுமென்று பக்கத்து வீட்டுக்காரியைச் சத்தமாகவே ஏசினேன்.

தங்கச்சி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அக்கா, அண்டைக்கு வரக்குள்ள டின்பால் வாங்கிக்கொண்டு வந்தது ஆரு?"

நான்தான்.