யன்னலில் இருந்த முகம்

அக்கராயனில் உள்ள எங்கள் வாசிகசாலையின் நிருவாக சபை, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடி, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானமொன்றை எடுத்தது. வீதிப்பக்க யன்னலில் இருக்கும் பூச்சாடியின் முகத்தை உட்பக்கம் திருப்புவது என்பதே அது. திருப்பினால் எங்களைப் பார்க்குமே என்று ஒருவர் கேட்டார். வாசிக்கிறவர்கள் நிமிர்வதில்லை என்று தலைவர் விளக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கக்கூடிய ஒரே உறுப்பினரான தவமணி அக்கா, நெஞ்சு நோகிறது என்று அன்று வந்திருக்கவில்லை. தலைவர் கைகளில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஜாடியைத் திருப்பினார். அந்தத் துவாயை அவர் உதறும்போதே, அக்கா போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த ஜாடியையும் தெரியும். மிலானில் வீட்டுவேலை செய்யும் மகள் வதனாவுக்கு எசமானி கொடுத்தது. அவள் தாய்க்கு அனுப்ப, அக்கா அதைத் தன் வீட்டு ஒழுங்கை தொடங்கும் முனையில் இருக்கும் வாசிகசாலையின் யன்னலில் வைத்தார். இக்காலத்து இத்தாலிய வடிவமைப்பாளர் ஒருவர் செய்த வெண்பீங்கான். அடியில் இலக்கம் பொறித்திருக்கும். சேகரிப்பவர்கள் போட்டியிட்டு வாங்குவார்களாம். அது ஒரு பெண்ணின் தலை. கண்கள் மூடியிருக்கும், வாய் சற்றே திறந்திருக்கும். பொழுதுபடும் நேரத்தில் மூடிய கண்களை நம்புவது கடினம். அந்த இடத்தில் சைக்கிள்கள் தாமாகவே வேகம் பிடித்தன.

மாலையில் அக்கா அதன் முன் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைப்பார். முகத்துக்கு முன் விளக்கு எரிந்தால் எங்கள் ஊருக்கு ஒரே பொருள்தான். வதனா இறந்துவிட்டாள் என்று கதை பரவியது. பக்கத்து வளவு செல்லம்மா துக்கம் விசாரிக்க வாசிகசாலைக்கே வந்தபோது நானும் அங்கிருந்தேன்.

“பிள்ளை எப்ப மோசம் போனது, அக்கா?”

“ஆர் மோசம் போனது? ஞாயிற்றுக்கிழமை போனில அரை மணித்தியாலம் என்னோட சண்டை பிடிச்சவள். செத்தவளுக்கு இவ்வளவு வாய் இருக்குமோ? அழுறதெண்டு வந்திட்டீர், இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

செல்லம்மா குடித்தார். ஆனால் யன்னல் பக்கம் முதுகு காட்டி உட்காரவில்லை.

பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: “வீட்டுத்திட்டத்தில எல்லா வீடும் ஒரே மாதிரி. அவள் போகேக்க இந்த ஒழுங்கையே இல்லை. யன்னலில உந்த முகத்தைக் கண்டா அதில திரும்பு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நான் கண் மூடமுதல் ஒருக்கா வந்து பாத்தாளெண்டால் போதும். இல்லாட்டி மூடின பிறகாவது வந்து முகத்தைப் பாக்கட்டும்.”

மகள் புறப்பட்டுவிட்டாள் என்று செய்தி வந்ததால் மூன்றாம் நாள் வரை உடலை வைத்திருந்தோம். இருட்டுமுன் எடுக்க வேண்டும் என்றார்கள். ஐந்து மணிக்குப் பெறாமகன் கொள்ளி வைத்தான்.

அக்காவின் விளக்கு இப்போது என் மேசையில் இருக்கிறது. யாரையும் துக்கத்தோடு திருப்பி அனுப்பாத அவருடைய பழக்கத்தையும் வைத்துக்கொள்ள முயல்கிறேன்.

அக்காவை எடுத்த அன்று வதனாவின் கைபேசி இங்கே வேலை செய்யவில்லை. ஊர் முழுவதும் செத்தவீட்டில் நின்றதால் வீதியில் விசாரிக்கவும் ஆளில்லை. கொழும்பிலிருந்து அவளை ஏற்றி வந்த வாகனம் மூன்று மணிக்கு வாசிகசாலையைக் கடந்து, திரும்பும் இடம் தெரியாமல் மல்லாவி வரை போய், ஆறு மணிக்குத் திரும்பி வந்தது.