பதினோரு படிகளும் ஒரு கைப்பிடியும்

மிஸ் எஃபி மக்கெல்லரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. ஸ்காட்லாந்தின் பியூட் தீவில், கடற்கரைச் சாலையில், விக்டோரியா ராணி காலத்து வீடு ஒன்றில் மேல்தளம் அவருடையது, கீழ்த்தளம் என்னுடையது. நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஊரைக் காவல் காக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் எல்லாமே பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். வாசலில் எதை மாட்டவும் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு தொங்கும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் என்றால் மிஸ் மக்கெல்லர் என்று அர்த்தம். பிளாஸ்டிக் ஜன்னலா, ஆட்சேபம். டிஷ் ஆன்டெனாவா, ஆட்சேபம். மீன் வறுவல் கடையின் புது விளக்கு என்ன பாவம் செய்ததோ, அதற்கும்.

போன டிசம்பர் மழையில் வாசல்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். எண்பத்தொரு வயது. தெருவிலிருந்து அவர் தளத்துக்கு வெளிப்புறமாக ஏறும் பதினோரு கல்படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கைப்பிடி போட்டால் வீடு, இல்லாவிட்டால் முதியோர் இல்லம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரும்புக் கைப்பிடிக்கு நான் விண்ணப்பித்தேன். நான்கு படிவம், ஆறு புகைப்படம், வரைபடம் வேறு. பத்து வாரம் கழித்து கவுன்சில் பெண்மணி போன் செய்தார்.

"ஒரே ஒரு ஆட்சேபம் வந்திருக்குங்க. மூணு பக்கம்."

"யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"மிஸ் மக்கெல்லர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த படகைப் பிடித்து அக்கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்களுக்காகத்தானே கேட்டேன்!"

"கத்தாதே லாக்லன். மூணாவது வீட்டுப் பெரியவர் கைப்பிடி கேட்டப்ப நான்தானே கூடாதுன்னேன்? எனக்குன்னா மட்டும் ஆகுமா? அந்த முகப்புல இரும்புக் குழாயா? அசிங்கம்."

"விழுந்து செத்தீங்கன்னா?"

"அதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

விண்ணப்பம் தள்ளுபடியானது. முதியோர் இல்லத்துக்கும் போகமாட்டாராம். தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏப்ரலில் வாசலில் வந்து இறங்கினார். தூக்கிவிடுகிறேன் என்றேன், கையைத் தட்டிவிட்டார். நல்ல கோட்டோடு ஈரப் படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக ஏறினார். முக்கால் மணி நேரம். நான் குடையைப் பிடித்தபடி திட்டிக்கொண்டே கூடப் போனேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

அன்று மேலே போனவர்தான். ஆறு மாதமாகிறது, இறங்க முடியவில்லை. ரொட்டியும் மீனும் நான்தான் கொண்டு போகிறேன். எந்த முகப்புக்காக இத்தனை அமர்க்களமோ, அதைத் தெருவில் நின்றால்தான் பார்க்க முடியும். நேற்று மெல்லக் கேட்டார்.

"வாசல் எப்படிப்பா இருக்கு?"

ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.