மதிய வெயிலில் நின்றவள்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. ஒரகடம் பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். என் லைனில் முப்பது பெண்கள். ஜன்னலே இல்லாத ஹால், ஏசி, கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடும் வெள்ளை உடை. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதும் இருட்டு, ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை முடிந்து இறங்கும்போதும் இருட்டு.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் லைனில் இருந்தாள். கான்ட்ராக்ட் வேலை. பென்னலூரில் கணவனோடு வாடகை அறை. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிடம் தாமதமாகவே வந்தாள். அவள் இடத்தில் வேலை தேங்கியது. கேட்டால் "ஸாரிக்கா" என்பதோடு சரி. யாரோடோ போன் பேசுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் மேல் புகார் எழுதிவிட்டேன். அது சூப்பர்வைசர் கைக்குப் போனால் திங்கட்கிழமை அவளுக்கு வேலை இருக்காது.

கொடுப்பதற்கு முன் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்று மதியம் அவள் பின்னாலேயே போனேன். கேன்டீனைத் தாண்டி, பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரோரம் நின்றாள். கையில் போன் இல்லை. சுடிதார் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கண்ணை மூடி, உச்சி வெயிலில் சும்மா நின்றாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற இங்க? தெனமும் உன்னால லைனே நின்னு போவுது!" என்று கத்தினேன்.

பதறிப்போய்க் கண் திறந்தாள். "வெயில் காயுதேன்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க... எனக்கு அஞ்சு மாசம்."

தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். அந்த உடைக்குள் வயிறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். ஒல்லியான உடம்பு, வயது இருபத்து மூன்று! டாக்டரம்மா மருந்து கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் வெயிலிலும் நிற்கச் சொல்லியிருக்கிறார்.

"எங்கம்மா என்னைய வயித்துல வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்து பீடி சுத்துனவக்கா. வெயிலையே பாத்திருக்க மாட்டா. தாய்க்கு அந்தச் சத்து கொறஞ்சா பிள்ளைக்குப் பின்னால சுகர் வர்ற வாய்ப்பு கூடலாமாம். உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் டாக்டர் சொல்லுதாங்க. அவ மேல தப்பில்லக்கா. அவளுக்கு யாரு சொல்லிருப்பா?"

கொஞ்சம் தயங்கிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டாங்க. ஒருவேளை பொண்ணா இருந்தா, அதோட கருமுட்டையெல்லாம் இப்பவே அதுக்குள்ள இருக்குமாம். அப்ப என் பேத்தியும் பாதி இங்கதானக்கா இருக்கா?"

ஐம்பது வருடம் கழித்து எங்கோ நடமாடப்போகும் ஒருத்திக்கும் சேர்த்து, வேலையைப் பணயம் வைத்து இந்தப் பெண் வெயிலில் நிற்கிறாள். நானோ அவளைத் துரத்தப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். "இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாம்மா. உன் எடத்துல நான் குந்திக்கிறேன்" என்றேன். அழுதுவிட்டாள்.

புகாரைக் கிழித்துப் போட்டேன். அவள் சம்மதத்தோடு மேனேஜரிடம் நானே பேசினேன். முதலில் முகம் சுளித்தவர், இரண்டு நாள் கழித்து ஓ.டி. இல்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தார். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போனவள், பெண் குழந்தை, மூணு கிலோ, சர்க்கரையும் ஏறவில்லை என்று போன் செய்தாள்.

என் மகளையும் நான் இதே ஹாலில்தான் சுமந்தேன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. இரண்டு பேருமே ரத்தம் பார்த்தோம். இரண்டு பேருக்குமே வைட்டமின் டி குறைவு. அவள் பிறப்பதற்கு முந்தைய அந்த மாதங்களை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அவள் தாயாவதற்கு முன்னால் இன்னும் காலம் இருக்கிறது. இருவரும் மருந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்போதெல்லாம் எந்தக் கர்ப்பிணியைப் பார்த்தாலும், எதிரில் ஒருத்தி மட்டும் நிற்பதாக எனக்குத் தோன்றுவதேயில்லை.