தேன்சிட்டு மறித்த முன்வாசல்

குயில் கூவத் தொடங்கிவிட்டால் எனக்குக் கொழும்பில் இருப்புக் கொள்ளாது. இந்த வருடமும் சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பே கண்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஊர் போகும் கூட்டம். பஸ்ஸில் நாலு மணி நேரம் நின்றே வந்ததில் கால் மரத்துப்போனது.

தங்கியது கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவயில், என்னோடு வேலை செய்யும் சேகரின் வீட்டில். புத்தாண்டுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கமாதலால் சந்து முழுக்க அந்த வாசனைதான். சேகர் வீட்டு முன்சுவர் மட்டும் பழைய அழுக்கோடு நின்றது. வாசல் லைட் வயரில் தேன்சிட்டு கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. சேகரின் தங்கை கவிதா வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, எல்லாரையும் பின்பக்கச் சமையலறை வழியாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

புத்தாண்டன்று அவளைப் பெண் பார்க்கக் கம்பளையிலிருந்து வருகிறார்கள். சேகரின் அம்மா அவளிடம் சண்டைக்கு நின்றார்.

"ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இவங்களையும் குசினி வழியாவா கூப்பிடுறது? மானம் போயிரும்டி."

"கிட்டப் போனா அது முட்டைய விட்டுட்டுப் போயிரும்மா."

குடும்பச் சண்டைக்கு நடுவே எனக்கென்ன வேலை? மறுநாள் தெல்தெனிய பஸ் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள நீர்த்தேக்கத்தின் ஓரம் முள்முருக்கு மரங்கள் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. பூவுக்குப் பூ தேனீ. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் தண்ணீருக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. மரத்தடியில் உட்கார்ந்தவன் அப்படியே கண் சொக்கிப்போனேன். பொழுது போனதே தெரியவில்லை.

புத்தாண்டன்று வேன் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். முதலில் இறங்கிய மாப்பிள்ளை வாசற்படியில் கால் வைத்தார். சிட்டு விருட்டென்று வெளியே பறந்தது. அவர் மேலே பார்த்தார். சத்தமில்லாமல் பின்வாங்கி, கீழே கிடந்த கயிற்றை எடுத்துத் திரும்பக் குறுக்கே கட்டினார்.

"அம்மா, இந்தப் பக்கமா வாங்க" என்று தன் வீட்டாரைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

குசினியில் கவிதா கையெல்லாம் மாவோடு பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் சேலைகூட மாற்றவில்லை.

"குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் இல்லைங்க" என்றாள். மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்தவளைப் பார்த்து அவர் சிரித்தார். எனக்கே வெட்கமாக இருந்தது.

தெல்தெனியவுக்குப் போகிறவர்களுக்கு: சித்திரை பிறப்பதற்கு முன்னால் போய்விடுங்கள், பூ உதிர்ந்துவிடும். புத்தாண்டன்று பஸ் கிடைப்பது அபூர்வம், கடைகளையும் பூட்டிவிடுவார்கள். பின்னேரம் மழை வரும், குடை அவசியம்.

போன வாரம் சேகர் ஒரு படம் அனுப்பினான். கூடு காலி. ஏணியில் நின்று முன்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார் மாப்பிள்ளை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கவிதா.