ராஜலிங்கம் புளிப்பென்று எழுதிய பீப்பாய்

ராஜலிங்கத்துக்குச் சோறு போட்டது அவருடைய நாக்கு. அந்த நாக்கை அவர் வெறுத்த மாதிரி வேறு யாரும் எதையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. பேராதனைப் பக்கம் ஒரு சின்ன பியர் தொழிற்சாலையில் இருவரும் பதினாறு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் சுவை பார்ப்பவர்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து போத்தல் கழுவத்தான் அவர் வந்தார். ஒருநாள் கழுவிய போத்தலை முகர்ந்துவிட்டு, தண்ணீர் டாங்கியில் துரு இருக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. திறந்து பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் துரு. அன்று பிடித்த மனேஜர் தனபாலன் பிறகு அவரை விடவே இல்லை.

நம் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே. குடித்துவிட்டு வேலைக்குப் போகாதவனுக்கு இரக்கப்படுவார்கள். குடித்துப் பார்ப்பதே வேலை என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு தொடாத மனிதரை ‘பியர் ராஜலிங்கம்’ என்றார்கள். சுவை பார்க்கும் நாளில் உள்ளிப்பூண்டு கூடாது, சம்பல் கூடாது, சந்தனம் கூடாது. அவர் மனைவி ஜெயராணி கிழமைக்கு மூன்று நாள் உப்புச் சோறு பொங்கி அலுத்துப்போனார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மகள் நிரோஷாவுக்கு மாத்தளையிலிருந்து சம்பந்தம் வந்தபோதுதான் மூச்சு முட்டியது. மாப்பிள்ளை ஆசிரியர், ஜாதகம் பொருந்திவிட்டது, பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் தாய், புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பெண்ணின் தகப்பனுக்கு என்ன வேலை என்று தரகரிடம் கேட்டனுப்பியிருந்தார். ஸ்டோர்ஸில் வேலை என்று சொல்லிவிடலாம் என்றார் ஜெயராணி. நிரோஷா தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

ராஜலிங்கம் மறுத்துவிட்டார். பொய் சொல்லிப் பெண் கொடுக்க மாட்டேன், அதற்குப் பதிலாக அந்தச் சொல்லை உண்மையாக்கிவிடுகிறேன் என்றார். ஸ்டோர்ஸில் என் மேசைக்குப் பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருந்தது. மூன்று தடவை தனபாலனிடம் போய் இடமாற்றம் கேட்டார். மூன்று தடவையும் தனபாலன் சிரித்தார். கடைசித் தடவை, “ஒங்க நாக்கு ஒரு தடவ தப்பு விடட்டும், அன்னைக்கே ஸ்டோர்ஸுக்கு அனுப்பிர்றேன்” என்றார். வேடிக்கையாகச் சொன்னதை ராஜலிங்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சஞ்சீவனியின் பீப்பாய் வந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எங்களிடம் பியர் காய்ச்ச வந்த பிள்ளை அவள். ஓட்ஸ் போட்டு, கறுக வறுத்த பார்லியோடு ஸ்டவுட் என்கிற கறுப்பு பியரைக் காய்ச்சி, ஒரு ஓக் மரப் பீப்பாயில் எட்டு மாதம் ஊறப்போட்டிருந்தாள். ஹோட்டல் ஒன்று அதை எதிர்பார்த்துக் காத்திருந்தது. தீர்ப்புச் சொல்ல ஐந்து பேர். ஆள் எண்ணிக்கைக்காக என்னையும் சேர்த்திருந்தார்கள்.

விதி எளிது. ஒருவரோடொருவர் பேசக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிறகுதான் தெரிந்த ராஜலிங்கத்தின் திட்டமும் எளிதுதான். நன்றாக இருப்பதைக் கெட்டது என்று எழுதுவார். மற்ற நால்வரும் நன்று என்று எழுதுவோம். நாக்கு போய்விட்டது என்று ஆகிவிடும்.

நான் குடித்துப் பார்த்து நன்று என்று எழுதினேன். நால்வரும் அப்படித்தான் எழுதியிருந்தோம். ராஜலிங்கத்தின் துண்டில், ‘பீப்பாய் புளித்துவிட்டது, விற்கக் கூடாது’ என்று இருந்தது.

தனபாலன் துண்டுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இன்னொரு தடவை குடித்துப் பாருங்கள் என்றார்.

குடித்தோம். கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை எனக்குப் புளித்தது. அடிநாக்கில் லேசாக, வினாகிரி மாதிரி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். ஒவ்வொருவராகத் துண்டை வாங்கித் திருத்தி எழுதினோம். ராஜலிங்கத்தின் முகம் வெளிறிப்போனது. கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தால் என்ன என்று அவரே கேட்டார். நீங்கள் சொன்ன பிறகு கொழும்பு எதற்கு என்றார் தனபாலன்.

சஞ்சீவனிதான் பீப்பாயின் குழாயைத் திறந்தாள். கறுப்பாக நுரைத்துக்கொண்டு எட்டு மாதமும் கழிவுநீர்க் கானுக்குள் போனது. ராஜலிங்கம் இரண்டு அடி முன்னால் வந்தார். பொய் சொன்னேன் என்றால் அன்றைக்கே வேலை போகும். வேலை போன தகப்பனிடம் யார் பெண் எடுப்பார்கள்? வந்த இரண்டு அடியையும் பின்னால் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“நல்லவேள அண்ணே, நீங்க இருந்தீங்க. இது ஹோட்டலுக்குப் போயிருந்தா என் பேரு அத்தோட முடிஞ்சிருக்கும்.”

சாயங்காலமே கடிதமும் கைக்கு வந்துவிட்டது. நான்கு பேர் தவறவிட்டதைப் பிடித்த ராஜலிங்கம் இனி சுவைக் குழுவின் தலைவர். ஓய்வு பெறும்வரை இடமாற்றம் கிடையாது.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கெட்டம்பேயைத் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, உண்மையான தீர்ப்பையும் சொன்னார்.

“மொதல்ல வறுத்த கோப்பி. அதுக்குப் பின்னால கித்துள் பாணி, அந்தப் பாகு வாசம்தான், ஆனா தித்திக்கல. ஓட்ஸ் இருக்கே, அது நாக்குல கஞ்சி மாதிரி வழவழன்னு எறங்குது. கடைசியிலதான் மரம் வருது. பிளேன்டீ குடிச்ச மாதிரி ஒரு துவர்ப்பு, மெதுவா. பதினாறு வருசத்துல அப்படி ஒன்ன நான் குடிச்சதே இல்லீங்க. அந்தப் புள்ளகிட்ட இத ஒரு நாளும் சொல்ல முடியாது.”

முதல் தடவை என் நாக்கும் அதைத்தான் சொன்னது. நான்தான் அதை நம்பவில்லை.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி ஹந்தானை பஸ்ஸுக்கு நடந்தவர், திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மாத்தளைக்காரங்க விசாரிக்க வருவாங்க. ஸ்டோர்ஸ்ல ஒங்க பக்கத்துலதான் இருக்கேன்னு சொல்லிருங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேசையில் புதிய கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. விதிப்படி ஆளுக்கொரு துண்டும் பென்சிலும் வைத்திருந்தார்கள். ராஜலிங்கம் முதல் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். நாங்கள் நால்வரும் எங்கள் கிளாஸைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.