பன்னிரண்டு மடங்கும் டாக்டரின் தோளும்

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசிகூட வாங்கியதில்லை. டெக்சாஸில், ஆலன் நகரில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. ஆகவே, காலை நடையில் பழக்கமான நாகர்கோவில் டாக்டர் மான் வேட்டைக்குத் துணையாகக் கூப்பிட்டபோது, பைனாகுலர் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் முட்டைகூடத் தொடாதவன். பார்ப்பதற்கு அந்த விதி பொருந்தாது என்று மனைவிக்கு விளக்கம் அளித்தேன்.

டாக்டர் இரண்டு சீசனாக வெறுங்கையோடு திரும்பியிருந்தார். காரணம் சட்டம். அவர் போகும் பண்ணைப் பக்கத்தில், கிளைத்த கொம்புள்ள மான் என்றால் அந்தக் கொம்பு காதுகளின் அகலத்தைத் தாண்டி விரிந்திருந்தால்தான் சுடலாம். அவருக்குத் தொலைவில் அது தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால் சுடவும் மாட்டார். பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

கடைக்காரர் எட்டு மடங்கு பெரிதாக்கும் இலேசான ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் ஏற்கெனவே ஒப்பீட்டு அட்டவணை போட்டிருந்தேன். அதே விலைக்குப் பன்னிரண்டு மடங்கு கிடைக்கும்போது எட்டை வாங்கினால் தணிக்கையில் என்ன பதில் சொல்வது? எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கனமான பொருள் உழைக்கும் என்று அதையும் சாதகமாகவே குறித்துக்கொண்டேன்.

பண்ணையில், பலகைகளால் அடித்த மறைவிடத்துக்குள் இருட்டோடு போய் உட்கார்ந்தோம். விடிந்து சற்று நேரத்தில் ஓக் மரங்களுக்கிடையே ஒரு மான் வந்தது. பைனாகுலரை உயர்த்தினேன். மான் ஆடியது, மரம் ஆடியது, டெக்சாஸே ஆடியது. கை நடுக்கத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மடங்காக்கித் தருவோம் என்று எந்தக் கொட்டேஷனிலும் போட்டிருக்கவில்லை.

“சொல்லும் ஓய், காதைத் தாண்டுதா?” டாக்டர் கிசுகிசுத்தார்.

முட்டுக்கொடுக்க எதையாவது தேடினேன். உறுதியாக இருந்தது அவருடைய தோள் ஒன்றுதான். அதன்மேல் பைனாகுலரை வைத்தேன். உலகம் நின்றது. மூக்கின் ஈரம், மூச்சின் புகை, கொம்பில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் தெரிந்தன. அப்படி ஓர் அழகை நான் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

“தாண்டுது டாக்டர். ரெண்டு பக்கமும் நல்லாவே தாண்டுது.”

அவர் துப்பாக்கியை எடுக்கத் தோளை அசைத்தார். மறுபடி நிலநடுக்கம்.

“அசையாதீங்க டாக்டர். இன்னொரு தடவை செக் பண்ணிடறேன்.”

சட்ட விஷயம் என்பதால் அவரும் கட்டுப்பட்டார். மான் கடைசிப் புல்லையும் நிதானமாக மென்றுவிட்டு, எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, புதருக்குள் நடந்துபோனது.

தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்துப் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது.

“முப்பது வருசமா பேஷன்ட்டைத்தான் அசையாம இரும்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கே சொல்லிட்டீரே ஓய்.”

அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தில் சுற்றுவட்டாரத்து மான்கள் அனைத்தும் எச்சரிக்கப்பட்டிருக்கும். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்; ஒரே நிபந்தனை, எட்டு மடங்கு. எத்தனை நாளுக்குள் மாற்றலாம், எந்தக் கவுன்ட்டர், என்ன ரசீது என்பதெல்லாம் காரிலேயே அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.