கழுவாத கல்

பூமியில் இதுவரை விழுந்த விண்கற்கள் அத்தனையும் மீட்டரம்மாவின் வீட்டைத் தேடித்தான் கிளம்பி வந்தன. வழி தெரியாமல் கடலிலும் காட்டிலும் விழுந்து தொலைந்ததற்கு அவர் என்ன செய்வார்? நம்பாதவர்கள் அவரை வேலை நேரத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் குப்புறப் படுத்து, தண்ணீர் மீட்டர் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வானத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார்.

“வியாழக்கிழமை சாயந்திரம் வெளிச்சமா ஒண்ணு போச்சே, பார்த்தீங்களா?” குரல் குழிக்குள்ளிருந்து வரும்.

“பார்த்தேம்மா. அதோ, அந்தப் பஞ்சாலைக்குப் பின்னாடிதான் விழுந்துச்சு.”

“எங்க விழுந்துச்சுன்னு நான் கேக்கல. நீங்க எங்க நின்னீங்க? அதைச் சொல்லுங்க.”

“மாடில, துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

“வாங்க, மாடிக்குப் போவோம். கையில ஒரு துணியை எடுத்துக்கோங்க. அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. இப்ப விரலை நீட்டுங்க. கடைசியா எங்க அணைஞ்சுது?”

அந்த மனிதர் ஒரு கையில் ஈரச் சட்டையும் மறு கையில் நீட்டிய விரலுமாக மொட்டை மாடியில் சிலையாக நிற்பார். மீட்டரம்மா அவருடைய விரலுக்கு அடியில் திசைகாட்டியைப் பிடித்துப் பார்த்து, மீட்டர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வார். வெள்ளியும் சனியுமாக இரண்டே நாளில் எண்பத்தாறு விரல்கள். பார்த்தவர் விரல் நேராகப் போய் நிற்கும், பார்க்காமல் அளப்பவர் விரல் இடம் தேடும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அப்படி ஒன்பது பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரே வாயைப் பிளந்து பார்த்த அந்த வெளிச்சத்தை மீட்டரம்மா பார்க்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் அவர் ஒரு குழிக்குள் இருந்தார். ‘டமார்’ என்று சத்தம் கேட்டதும், குழாய்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து வால்வை மூட ஓடினார்.

தண்ணீர் வாரியத்தில் இருபத்தாறு வருடமாக மீட்டர் பார்க்கிறார். வயது ஐம்பத்து மூன்று. ஆள் குள்ளம், நடை வேகம். தோளில் பை, பைக்குள் டார்ச், குழி மூடியை நெம்ப ஒரு கம்பி, நீளக் குச்சியில் பொருத்திய சின்னக் கண்ணாடி. கை எட்டாத மீட்டரை அந்தக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தே படித்துவிடுவார். எந்தத் தெரு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்ற பட்டியல் அவர் மனதில் இருக்கிறது. நாய்களிடமும் அவரைப் பற்றி ஒரு பட்டியல் இருக்கக்கூடும்.

கண்ணாடிக் குச்சியைச் செய்து கொடுத்தது அவர் கணவர், சாவிக்காரர். கடைத்தெருவில் மாற்றுச் சாவி போடும் தொழில். பூட்டைத் தவிர வேறு எதிலும் அவசரப்படாத மனிதர். “வீட்டுச் சாவி தொலைஞ்சா பத்து நிமிஷம் தேட மாட்டா. வானத்துலேர்ந்து விழுந்ததைப் பத்து வருஷமா தேடுவா” என்பார். மீட்டரம்மாவிடம் பதில் தயாராக இருக்கும். “சாவி தொலைஞ்சா நீங்க இருக்கீங்க. கல்லு தொலைஞ்சா யார் இருக்கா?”

தேடியதற்கு அடையாளம் சமையலறை ஜன்னலில் வரிசையாக இருக்கிறது: பதினேழு கற்கள். ஒவ்வொன்றும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் போய், ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. இரும்பு உருக்கிய கசடு. தார். பழைய மோட்டார் பம்பின் உடைந்த துண்டு. பதினோராவதைப் பற்றி ஆய்வுக்கூடத்து மேடம் எழுதியது: “இது கல் அல்ல. பேக்கரியில் கருகிய ரொட்டி என்று கருதுகிறோம். இதற்கு மேல் ஆராய விருப்பமில்லை.” அந்த ரொட்டியும் ஜன்னலில்தான் இருக்கிறது. எறும்புகூட அதைச் சீண்டவில்லை என்பதால், அது வேறு கிரகத்து ரொட்டியாக இருக்கலாம் என்பது சாவிக்காரரின் கட்சி.

பதினெட்டாவதாக ஒரு கல் அங்கே சேரக் காரணம் தங்கை மகள். பக்கத்துத் தெரு, வயது பதினாறு, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை வழுக்கியவள். (இதை எழுதுவதும் அவள்தான், அதனால் அவளைப் பற்றிய வர்ணனை இத்தோடு போதும்.) ஆற்றுக் கூழாங்கல் ஒன்றுக்குக் கறுப்புச் செருப்புப் பாலிஷ் போட்டு, பெரியம்மா நடக்கும் வழியில் போட்டு வைத்தாள். மீட்டரம்மா அதை எடுத்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தார். மறுநாள் அது ஜன்னலில் உட்கார்ந்திருந்தது, அடியில் ஒரு சீட்டோடு: “பாலிஷ். மட்ட ரகம்.”

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே தவிர, மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வராத கதை ஒன்று உண்டு.

நாலு வருடத்துக்கு முன்பு, ஒரு பால்காரரின் கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு கல் ஒன்று விழுந்தது. மீட்டரம்மாவுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று அவர் நேராக இங்கே கொண்டு வந்தார். கைக்கு அடக்கமாக, கரிப்பானை மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. பெரிய இடத்துக்குப் போகிற பிள்ளையை அழுக்கு முகத்தோடு அனுப்புவார்களா? மீட்டரம்மா அதைப் பாத்திர சோப்பும் நாரும் போட்டு அரை மணி நேரம் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, துண்டில் சுற்றி அனுப்பினார்.

அந்தக் கறுப்புதான் விஷயமே. காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது வெந்து உருகிப் படிந்த தோல் அது. ஆய்வுக்கூடம் எழுதியது: “அசல் விண்கல். ஆனால் பாத்திர சோப்பு மணக்கிறது. புதுக் கல்லில் செய்ய வேண்டிய சோதனைகளை இதில் செய்ய வழியில்லை.”

விண்கல் தேடும் ஆர்வலர் குழு ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். கூட்டத்தில் அந்தக் கடிதத்தை அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மீட்டரம்மாவும் சிரித்தார். அன்றிலிருந்து குழுவில் அவருக்கு ‘சோப்பம்மா’ என்று பெயர். வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கும் நார் அத்தனையையும் அள்ளிக் குப்பையில் போட்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரம் கழுவியது சாவிக்காரர். எதை வைத்துக் கழுவினார் என்று இதுவரை வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மீட்டரம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புதிதாக விழுந்த ஒரு கல். கை படாமல், மழை படாமல், அது எப்படி வந்ததோ அப்படியே அந்த மேடத்தின் மேசையில் வைக்க வேண்டும். மழை ஏன் ஆகாது என்றால், கல்லுக்குள் இருக்கும் இரும்பு ஒரு மழைக்கே துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும். விழுந்தது வியாழக்கிழமை. ஞாயிறு சாயந்திரம் பலத்த மழை என்று வானிலை அறிக்கை சொன்னது. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு விடுமுறைப் பகல்.

ஞாயிறு காலையில் பல் டாக்டரிடமிருந்து போன். “சோப்பம்மா, எங்க இருக்கீங்க? நாங்க இருபது பேர் பஞ்சாலைக்குப் பின்னாடி இறங்கிட்டோம். புது மெட்டல் டிடெக்டர் வேற வாங்கியிருக்கேன்.”

“நல்லாத் தேடுங்க டாக்டர். பல்லு ஏதாவது கிடைச்சா எடுத்து வைங்க.”

வெளிச்சம் அணைந்த இடத்துக்கு நேர் கீழேதான் கல் கிடக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மீட்டரம்மாவின் கணக்கு வேறு. வெளிச்சம் அணைவது எத்தனையோ மைல் உயரத்தில். அதற்குப் பிறகு கல் இருட்டாக, சத்தமில்லாமல் விழுகிறது. அப்போது காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் சனிக்கிழமை மத்தியானமே வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கேட்டார்.

“நீங்க பைலட்டாம்மா?”

“இல்ல தம்பி, தண்ணி மீட்டர்.”

எண்பத்தாறில் ஒன்பதைக் கழித்து, மிச்ச விரல்களுக்கெல்லாம் வரைபடத்தில் கோடு போட்டு, காற்றையும் சேர்த்துப் பார்த்தால், பஞ்சாலையிலிருந்து மூன்று மைல் கிழக்கே ஒரு நீளப் பட்டை வந்தது. அதில் பாதி ஏரி. மீதியில் பாதி குடியிருப்பு. மிச்சம் இருந்தது, பேருந்துப் பணிமனை கட்டுவதற்காகப் போன வாரம்தான் செம்மண் கொட்டிச் சமன் செய்திருந்த மைதானம். சலித்த மண். அதில் கறுப்பாக எது கிடந்தாலும் அது நேற்று முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று பேர் இறங்கினார்கள். சாவிக்காரர் குடையும் பிளாஸ்க்குமாக ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மழைக்குக் காவல். மீட்டரம்மாவும் தங்கை மகளும் தேடும் படை. கயிறு கட்டி, ஆளுக்கு மூன்றடி அகல வரிசை. தலையைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது, பாடவே கூடாது. ஒரு வரிசை முடிந்தால் கயிற்றை நகர்த்தி அடுத்தது. காந்தம் கட்டிய கோல் எதுவும் கிடையாது. காந்தம் பட்டால் கல்லுக்குள் இருக்கும் பழைய காந்த ஞாபகமெல்லாம் அழிந்துவிடுமாம். “கண்ணு போதும். எடுத்துட்டுத்தானே வந்திருக்கே?” என்றார் தங்கை மகளிடம்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு மீட்டரம்மாவின் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஒரு மணிக்குச் சோற்றுப் பொட்டலத்தை நின்றபடியே தின்றார். மூன்று மணி வரை கிடைத்தவை: ஒரு பாட்டில் மூடி, செத்த வண்டு, லாரியிலிருந்து விழுந்த ரப்பர் துண்டு. ஒவ்வொன்றுக்கும் மீட்டரம்மா குனிந்தார், நிமிர்ந்தார், நடந்தார். மைதானத்தில் இன்னும் கால் பாகம் பாக்கி.

“ஏம்மா, மேக்கால இருட்டிக்கிட்டு வருது!” என்று சாவிக்காரர் குரல் கொடுத்தார்.

“வந்தா வரட்டும். நடடி.”

அடுத்த வரிசையின் நடுவில் தங்கை மகள் நின்றுவிட்டாள். “பெரியம்மா, இந்தப் பக்கம் வெயில் கண்ணைக் கூசுது. நீங்க என் வரிசைக்கு வாங்களேன், நான் அதைப் பார்க்கறேன்.”

“உனக்கு இல்லாத வியாதியே இல்ல. தள்ளு.”

மாறிக்கொண்டார்கள். மீட்டரம்மா நாலு அடி நடந்தார். ஐந்தாவது அடிக்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது.

சின்ன எலுமிச்சம்பழம் அளவு. மினுமினுப்பில்லாத கறுப்பு. ஒரு மூலை மட்டும் சில்லு பெயர்ந்து, உள்ளே சிமெண்ட் நிறம் தெரிந்தது. மண்ணில் பாதி புதைந்து, யாரோ பத்திரமாக வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மீட்டரம்மா கத்தவில்லை. தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தார். தொட்டுவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்படியே, வகுப்பில் நிற்க வைத்த பிள்ளை மாதிரி, ஒரு நிமிடம் நின்றார். மூக்கு மட்டும் விடைத்து விடைத்து அடங்கியது.

பிறகுதான் வேலை. பக்கத்தில் சாவி ஒன்றை அளவுக்கு வைத்துப் படம் எடுத்தார்கள். இடத்தைக் குறித்தார்கள். மீட்டரம்மா அலுமினியத் தாளால் கல்லை மூடி, விரல் படாமல் எடுத்து, பைக்குள் பையாகப் போட்டு டப்பாவில் வைத்தார். அதன் பிறகே ஆய்வுக்கூடத்து மேடத்துக்குப் படம் அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“கையால தொட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“கழுவினீங்களா?”

“மேடம்!”

“கேக்கணும் இல்லையா. மழை பட்டுதா?”

“ஒரு சொட்டுப் படல.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டு நகர்ந்தது. பிறகு, “அங்கேயே இருங்க. நானே வரேன். முன்னாடி அனுப்பின படிவம் வெச்சிருப்பீங்கல்ல, அதை நிரப்பி வைங்க” என்றது குரல். “இத்தனை வருஷத்துல எங்க கைக்கு இவ்வளவு சுத்தமா ஒரு கல்லு வந்ததில்லம்மா.”

சாவிக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். படம் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், மூன்று மைலுக்கு அப்பாலிருந்து பல் டாக்டர் போனில் அழைத்தார். “மேடம், எப்படி மேடம்?” என்றார். ஆமாம், மேடம். இரண்டு தடவை.

மீட்டரம்மா ஸ்கூட்டர் இருக்கையில் படிவத்தை விரித்தார். தேதி எழுதினார். இடம் எழுதினார். ‘கண்டெடுத்தவர் பெயர்’ என்ற கோட்டில் பேனா வந்து நின்றது. என்ன நினைத்தாரோ, திரும்பி நடந்து, கல் கிடந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

செம்மண் புது மண். கல் இருந்த பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி, மெலிந்த செருப்புத் தடம் இரண்டு, நுனி பள்ளத்தைப் பார்த்தபடி அழுந்தியிருந்தன. ஆள் நின்ற தடம். அங்கிருந்து அதே செருப்பு, நாலடி பின்னுக்குப் போயிருந்தது.

திரும்பி வந்தார். “வெயில் கூசுச்சுன்னு சொன்னே இல்ல?”

“ஆமா பெரியம்மா.”

“காலையிலேர்ந்து சூரியனைப் பார்த்தியாடி நீ?”

சாவிக்காரர் மேலே பார்த்தார். காலையிலிருந்தே கம்பளி போர்த்திய வானம். தங்கை மகளும் பார்த்தாள்.

“எனக்கு மேகம்கூடக் கூசும். பிறவிக் கோளாறு.”

“வாயைப் பாரு, வாயை” என்றார் சாவிக்காரர்.

“பெரியம்மா, கணக்குப் போட்டது நீங்க, இடத்தைச் சொன்னது நீங்க. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நான் சும்மா நின்னேன், அவ்வளவுதான். உங்க பேரை எழுதுங்க.” அவள் குரல் ஏனோ சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது.

“பார்க்காத மீட்டருக்கு நான் இன்னைக்கு வரைக்கும் நம்பர் எழுதினதில்லடி, குரங்கே.”

முதல் சொட்டு படிவத்தின் ஓரத்தில் விழுந்தது. மீட்டரம்மா காகிதத்தின் மேல் கவிழ்ந்துகொண்டு, முதுகில் மழை விழ, தங்கை மகளின் பெயரை எழுதினார். வீட்டில் கூப்பிடும் பெயரை அல்ல; பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரை, இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்து, மை காயும் வரை அதன் மேல் மெல்ல ஊதினார்.